சாவி வரும்வரை வாடகை: சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

அடையாற்றோரத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும் பொறுப்பில் இருக்கும் அதிகாரப் பெருமக்களுக்கு,

வணக்கம். வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் போன வாரம் எங்கள் பிளாக் மாடிப்படிச் சுவரில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸ் கிடைத்தது. கிடைத்தது என்றால், தரையில் கிடைத்தது. மழைக்காலத்தில் ஊறிய அந்தச் சுவர் இன்னும் காயவில்லை. பசை பிடிக்காமல் ராத்திரியே நழுவி விழுந்து, விடிகாலையில் யாரோ மிதித்த செருப்புத் தடத்தோடு படியில் கிடந்தது. கட்டடம் குடியிருக்க லாயக்கில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அந்த விஷயத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் தகராறே கிடையாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மரத்தடியில் நடந்த கூட்டத்தில் கேள்வி கேட்டவர்களை எல்லாம் 'மறுகட்டுமானத்துக்கு எதிர்ப்பு' என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார் உங்களில் ஒருவர். ஐயா, நாங்கள் எதிர்ப்பு இல்லை. தாராளமாக இடியுங்கள். தூங்கும்போது நெஞ்சின் மேல் சிமென்டுக் காரை விழுந்தவர்கள் எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். பால்கனிக் கம்பி துருப்பிடித்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. குழந்தைகள் அந்தப் பக்கம் போகாதிருக்கக் கட்டிலைக் குறுக்கே போட்டிருக்கிறோம். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் ஒட்டுமொத்தமாகச் சரிந்ததை டிவியில் பார்த்தவர்கள்தாம் நாங்களும். விரிசலைக் கண்டு முன்கூட்டியே வெளியே ஓடியதால் அங்கே உயிர் தப்பியது. அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் ஏதாவது சத்தம் கேட்டால் முதலில் சுவரைத்தான் பார்க்கிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. புது வீட்டுச் சாவி கையில் வரும்வரை மாதாமாதம் வாடகை கொடுங்கள். இதே இடத்தில், இன்னாருக்கு, இன்ன தேதிக்குள் வீடு என்பதையும் அந்த வாடகையையும் சேர்த்து ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அதைக் கூட்டத்தில் கேட்டபோது, "கருணைத் தொகைதான் தர்றோமே" என்றார்கள்.

கருணைத் தொகை. காலி செய்யும் குடும்பத்துக்கு ஒரே தடவையாகத் தரும் பணம். 8,000 ரூபாயாக இருந்ததை 2021-ல் 24,000 ஆக உயர்த்தினார்கள். மூன்று மடங்கு. நன்றி சொல்ல வேண்டிய விஷயம், சொல்கிறோம். இப்போது ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு மாதத்தில் கட்டி முடிப்போம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். 24,000 ரூபாயைப் பதினெட்டால் வகுத்தால் மாதம் 1,333 ரூபாய் சில்லறை. சைதாப்பேட்டையில் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு ஸ்கூட்டரை நிழலில் நிறுத்த இடம் கிடைக்கலாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் விசாரித்த வரையில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் கழிப்பறை உள்ள போர்ஷன் எட்டாயிரத்துக்குக் கீழே இல்லை. பதினெட்டு மாதத்துக்கு 1,44,000 ரூபாய். உங்கள் கருணையைக் கழித்தால் 1,20,000 ரூபாய் எங்கள் கைக்காசு. அதுவும் வேலை சொன்ன நாளில் முடிந்தால். அரசுக் கட்டுமானம் சொன்ன நாளில் முடிந்த கதையை யாராவது தெரிந்து வைத்திருந்தால் சொல்லுங்கள், இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோம்.

இது காகிதக் கணக்கு. தெருக் கணக்கு வேறு.

எங்கள் பிளாக்கின் கீழ்வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். கரிப்பெட்டிதான். அவருடைய வாடிக்கை முழுவதும் சுற்றியுள்ள நாலைந்து தெரு. காலையில் மூட்டையை வாங்கி, சாயங்காலம் மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டுக்காரர் இல்லை. மூத்த பெண் இந்த வருஷம் பத்தாவது. நோட்டீஸ் வந்த மறுநாளிலிருந்து அவர் வீடு தேடி அலைகிறார்; ஒரு நாள் சாயங்காலம் நானும் கூடப் போனேன். 'டு-லெட்' பலகை தொங்கிய ஒரு வீட்டில் அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எத்தனை பேர் என்று கேட்டார், மூன்று பேர். வாடகை எட்டரை, அட்வான்ஸ் பத்து மாசம், தண்ணீருக்குத் தனி. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

"ஆத்தோரம்மா. போர்டு வீடு."

அந்த அம்மாவின் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்றார். யாரிடம் சொல்லி அனுப்புவார்? எங்கள் போன் நம்பரைக் கூட அவர் வாங்கவில்லை. படியிறங்கி வரும்போது அக்கா சொன்னது: "அடுத்த வீட்டுல மாரியம்மன் கோயில் தெருன்னு சொல்லிடலாமா தம்பி?"

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறதாம். இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதற்கும் விலக்கு உண்டாம். வீடு தேடி வாசலில் நிற்பவர் வீட்டுக்காரரோடு என்ன ஒப்பந்தம் போடுவார்? பத்து மாசம் என்றால் பத்து மாசம். எட்டரையைப் பத்தால் பெருக்கினால் 85,000. கருணைத் தொகை 24,000, அதுவும் காலி செய்த பிறகு வங்கிக் கணக்கில் ஏறுமாம். முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூட அது காணாது. மீதிக்கு வட்டிக்காரரைத்தான் பார்க்க வேண்டும். கூடுவாஞ்சேரிப் பக்கம் வாடகை குறைவு என்று கூட்டத்தில் உங்களவர் யோசனை சொன்னார். அங்கே குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் புங்கமரமும் அந்த நாலைந்து தெருவும் சைதாப்பேட்டையில் அல்லவா இருக்கின்றன? இஸ்திரி வண்டியை மின்சார ரயிலில் ஏற்ற விடுவார்களா? பெண்ணைப் பத்தாவது நடுவில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஒரு தெருவில் நாலைந்து மாதம் இஸ்திரிக்கு ஆள் வராவிட்டால் அந்த வீடுகள் வேறு ஆளிடம் போய்விடும். புது வீட்டுக்கு அவர் திரும்பி வரும்போது பிழைப்பு இருக்காது. இதற்குத்தான் மாத வாடகை கேட்கிறோம், இதே சுற்றுவட்டாரத்தில் இருந்துகொள்ள. சாவி வரும்வரை.

எங்களுக்கு இந்த இடத்தின் மேல் இத்தனை பிடிவாதம் ஏன் என்று உங்களில் இளையவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் எங்கள் இடம் ஒரு மஞ்சள் கட்டம், அவ்வளவுதான். சைதாப்பேட்டை 1946-இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அதுவரை தனி நகராட்சி; பட்டணத்துக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்த புறநகர். செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டர் கச்சேரி ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. 1865-இல் வெள்ளைக்காரன் மாதிரிப் பண்ணை போட்டது இங்கே. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரி என்று இன்று பேரெடுத்திருப்பது இங்கே முளைத்து 1906-இல் அங்கே குடிபோனதுதான். நெசவு இருந்தது. ஆற்று மணலில் துணி வெளுத்தார்கள். வேலை இருக்கும் இடத்துக்குக் கூலியாட்கள் வருவார்கள், வந்தவர்கள் ஆற்றோரத்தில் குடிசை போடுவார்கள். எங்கள் தாத்தா அப்படி வந்தவர். நல்ல இடத்தில் எவன் அவருக்கு இடம் கொடுத்தான்?

1726-இல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் இந்த ஆற்றின் குறுக்கே தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் போட்டதுதான். அதைவிட முக்கியம், கட்டிவிட்டுப் போகாமல் பாலத்தின் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். அந்தப் பாலம் போய் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. வேற்று நாட்டு வியாபாரி ஒருவருக்குத் தோன்றிய 'பராமரிப்பு' என்கிற விஷயம், எங்கள் பிளாக்குகளைப் பொறுத்தவரை அரை நூற்றாண்டாக யாருக்கும் தோன்றவில்லை. கழிவுநீர்க் குழாய் உடைந்தால் நாங்களே சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டினோம். மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டது நாங்கள். இப்போது 'பராமரிப்பின்மையால் கட்டடம் சிதிலமடைந்துள்ளது' என்று உங்கள் நோட்டீஸில் இருக்கிறது. யாருடைய பராமரிப்பின்மை என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

குடிசை மாற்று வாரியம் தொடங்கியது 1970-இல். அப்போது முதலமைச்சர் கலைஞர். அவர் அன்று எங்கள் சைதாப்பேட்டையின் எம்.எல்.ஏ.வும் கூட, 1967-லும் 71-லும் இந்தத் தொகுதியில்தான் ஜெயித்தார். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வாசகத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தக் காலத்துத் திட்டத்தில் ஒரு பெருந்தன்மை இருந்தது: குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே, அல்லது கூப்பிடு தூரத்தில், மாடி வீடு. வீடு சின்னதுதான். மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் நாலாமவர் வாசலுக்குப் போக வேண்டும். ஆனால் வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. எங்கள் அம்மா ஐந்து வீட்டில் வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தது அந்த நடை தூரத்தால்தான்.

அதற்கப்புறம்தான் காற்று மாறியது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் கட்டி அடுக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்த அந்த ராத்திரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கீழ்வீடுகள் மூழ்கின, மேல்வீடுகளில் பத்துப் பதினைந்து பேராக அடைந்துகிடந்தோம். அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று அரசுத் தணிக்கை அறிக்கையே எழுதியது. தண்ணீரைத் திறந்தவர்களில் யாரும் வீடு மாற வேண்டியிருக்கவில்லை. மாறியது ஆற்றோரத்துக் குடிசைக்காரர்கள். லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வெள்ள ஆபத்திலிருந்து மீட்டுக் கொண்டுபோய் விட்ட இடம் எது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில்!

ஆற்றோடு கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டியதுதான். 2015-இல் அங்கும் தண்ணீர் புகுந்து விமானங்கள் நாள்கணக்கில் பறக்கவில்லை. அதை ஆக்கிரமிப்பு என்று எவரும் நோட்டீஸ் ஒட்டியதாகத் தெரியவில்லை. விமானத்தைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றும் யோசனையும் இல்லை போலும். ஆற்றோரமாகக் கண்ணாடி மாளிகைகள் எழும்புகின்றன. 'ரிவர் வியூ' என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். அதே ஆற்றை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது 'நீர்நிலைப் புறம்போக்கு'. 2023 பட்ஜெட்டில் அடையாற்றை 44 கிலோமீட்டருக்குச் சீரமைக்க 1,500 கோடி ரூபாய், அரசும் தனியாரும் சேர்ந்து, என்று அறிவித்தார்கள். ஆறு சுத்தமானால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்; கொசுவும் நாற்றமும் எங்கள் வீட்டில்தான். ஆனால் கரையில் நடைபாதையும் பூங்காவும் வந்து இந்த இடத்தின் விலை ஏறிய பிறகு, இடித்துப்போட்ட எங்கள் மஞ்சள் கட்டத்தின் மேல் வேறு யாருடைய கண்ணும் விழாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று சொல்லவில்லை. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். இன்றைக்கு மரத்தடியில் நின்று வாக்குக் கொடுத்தவர் நாளைக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிடுவார். அடுத்து வருபவர் "ஃபைல்ல அப்படி எதுவும் இல்லையே" என்பார். அதனால்தான் எழுத்தில் கேட்கிறோம். எந்த பிளாக், எந்த வீடு, யார் பெயர், எந்தத் தேதி, தேதி தவறினால் வாடகை எத்தனை மாதம் வந்தாலும் தொடரும் என்ற வரி. ஒரு பக்கம் போதும்.

இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதிகம் நீட்டவில்லை. புது வீட்டின் தரம். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புத்தம் புது அடுக்குமாடியின் பூச்சு விரலால் சுரண்டினாலே உதிர்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. ஐ.ஐ.டி.யின் தர ஆய்வு வரைக்கும் போனது. அப்புறம் பயனாளி பங்களிப்புத் தொகை என்று ஒன்று இருக்கிறது, புது வீட்டுக்காக எங்களிடம் வாங்கும் பங்கு. அது எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு தொகை வருகிறது. வாடகைக்கும் முன்பணத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் பங்களிப்புக்கு எங்கே போவார்? கட்ட முடியாதவருடைய வீடு யாருக்குப் போகும்? இதற்கும் அந்த ஒரு பக்கத்தில் இரண்டு வரி இடம் கொடுங்கள். கீழ்த்தளத்தில் வீடு வைக்காமல் தூண்களை மட்டும் நிறுத்தி எழுப்புங்கள் என்பதை எங்கள் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்லச் சொன்னார்கள். 2015-இல் வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோடு எத்தனை தடவை வெள்ளையடித்தும் மறையவில்லை.

ஒரே வீட்டில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், கலியாணமாகி வந்த மகள் குடும்பம் என்று மூன்று அடுப்பு எரிகிற வீடுகள் இங்கே நிறைய. ஒதுக்கீடு ஒருவர் பெயரில் ஒன்றுதான். அது பெரிய பிரச்சினை, இந்த மடலில் தீராது. வாடகை கணக்கிடும்போது மட்டும் அதை நினைவில் வையுங்கள். மூன்று குடும்பமும் ஒரே போர்ஷனில் போய் ஒண்ட முடியாது. எந்த வீட்டுக்காரரும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாடகைக்கு விட மாட்டார்.

"அரசிடம் அவ்வளவு பணம் ஏது?" என்றும் கூட்டத்தில் கேட்டார்கள். நாங்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டோம்: ஒரு குடும்பத்துக்கு மாதம் எட்டாயிரம். கட்டடம் சீக்கிரம் முடிந்தால் உங்கள் செலவு குறையும். தாமதமானால் ஏறும். இன்று தாமதத்துக்கு விலை கொடுப்பது நாங்கள் மட்டும். காண்ட்ராக்டருக்கோ என்ஜினியருக்கோ அதனால் ஒரு ராத்தூக்கமும் கெடுவதில்லை. வாடகை உங்கள் பொறுப்பில் வந்துவிட்டால், எங்களுக்குப் பதிலாக நீங்களே தினமும் போய் "எத்தனை மாடி எழும்பியிருக்கு?" என்று எட்டிப் பார்ப்பீர்கள். எங்களுக்கு அதுவே பாதி நிம்மதி.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். சாவி கையில் வரும்வரை மாத வாடகை. இதே இடத்தில் வீடு என்று எழுத்தில் உறுதி. இரண்டும் கைக்கு வந்த அன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பிக்கிறோம். பொதுத்தேர்வு முடியும் ஏப்ரல் மாதம் வரையில் மட்டும் காலி செய்யும் தேதியைத் தள்ளிவையுங்கள். எங்கள் நான்கு பிளாக்கிலும் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயர்ப் பட்டியலை இத்துடன் தனியே உங்கள் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தைத் தயவுசெய்து பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் இங்கே இருப்பது முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான்; வேலைக்குப் போனவர்கள் ஒருநாள் கூலியை விட்டால்தான் வர முடியும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நாற்காலியும் டீயும் எங்கள் பொறுப்பு. கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவரை மட்டும் உடன் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டை ஆற்றோர அடுக்குமாடிக் குடியிருப்போர் சார்பில்,
இரண்டாம் மாடிக்காரன் ஒருவன்